யாருக்கு என்று கேட்டால்

கரூரை விட்டு ரயில் நகர்ந்ததுமே மங்கையர்க்கரசியின் கை பைக்குள் போய்விட்டது. போகக் கூடாது என்று சிநேகிதி ஜெபமணி வீட்டு வாசலிலேயே அவள் அந்தக் கைக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். குன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள், மேஜையை ஒரு தட்டுத் தட்டினால் வகுப்பே வாயைப் பொத்திக்கொள்ளும், சொந்தக் கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அது பாட்டுக்குத் துழாவி, துண்டுக்கடியில், மாத்திரை டப்பாவுக்கடியில், யார் கண்ணிலும் படக் கூடாதென்று அவளே புதைத்து வைத்திருந்த கிளிப்பச்சைக் கம்பளியைக் கண்டுபிடித்து வெளியே இழுத்துவிட்டது. கூடவே ஊசிகளும் வந்தன. சின்னச் சட்டை. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் முதுகுப் பக்கம் அதில் அடங்கிவிடும். கழுத்தில் ஆரம்பித்து ஒரே துண்டாக இறக்கிக்கொண்டு வந்து, ஒரு கையும் முடித்தாகிவிட்டது. இன்னொரு கையில் மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் பாக்கி, அவ்வளவுதான். மனசை ஒரு இடத்தில் வைத்தால் குளித்தலை வருவதற்குள் முடிந்துவிடும். மனசு எங்கே ஒரு இடத்தில் இருக்கிறது? அது திருச்சியில், ஆஸ்பத்திரி மாடியில், ஒரு கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தங்கை மகள் அகிலா. நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லோரும் அசட்டையாக இருந்தபோது விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. "அக்கா, பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். பாத்துட்டுச் சொல்றோம்ங்கறாங்க. நீ கெளம்பி வா." அதற்குப் பிறகு தங்கை திலகவதியின் போன் எடுக்கப்படவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிக்கவும் இல்லை. துடிப்பு குறைகிறது. அந்த வார்த்தையைப் போன தடவையும் கேட்டாள், இதே குரலில், இதே மாதிரி ஒரு காலையில்.

போன தடவை. அதை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். அகிலாவின் வளைகாப்புக்குக் குன்னூரிலிருந்து வந்தவள் பலகாரத்தோடு வந்திருக்கலாம், ஒரு ஜோடி வெள்ளி வளையலோடு வந்திருக்கலாம். மஞ்சள் கம்பளியில் ஒரு தொப்பி பின்னிக்கொண்டு வந்தாள். சரி, பின்னினாள், பெட்டிக்குள் வைத்திருந்து பிள்ளை பிறந்தபின் கொடுத்திருக்கக் கூடாதா? கூடத்தில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்க, தொப்பியை முஷ்டியில் மாட்டித் தூக்கிக் காட்டினாள். கைகளெல்லாம் வளையல் குலுங்க நடுவில் உட்கார்ந்திருந்த அகிலா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அகிலாவின் மாமியார்தான் மெதுவாக ஆரம்பித்தார். "வயித்துல இருக்கற பிள்ளைக்குத் துணி சேக்கறதில்லீங்க எங்க பக்கம். பொறந்தப்புறமும் மொதல்ல பழைய வேட்டியத்தான் கிழிச்சுச் சுத்துவோம்." எங்க பக்கம் என்ன, எல்லாப் பக்கமும் அதுதான். மங்கையர்க்கரசியின் அம்மாவும் தொட்டில் கயிறுகூட முன்கூட்டி வாங்கவிட்டதில்லை. தெரியாமலா செய்தாள்? தெரிந்துதான் செய்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாகச் சம்பாதித்துத் தனியாக வாழ்ந்தவளுக்கு நாலு பேர் முன்னால் ஒரு நிமிஷம் டீச்சராக இருக்க வேண்டியிருந்தது. "நூலுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? நூல் ஆட்டு மயிரு. பிள்ளை பிள்ளை" என்றாள். வகுப்பறைக் குரல். அதற்கப்புறம் ஒன்பதாம் மாசத்தில் ஒரு காலை, பிள்ளை அசையவில்லை. எடுத்தார்கள். முழுசாக, நகம்கூட வளர்ந்து, தலை நிறைய முடியோடு. யாரும் மங்கையர்க்கரசியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், ரத்த அழுத்தம் என்றிருப்பாள், நஞ்சுக்கொடி என்றிருப்பாள், படம் போட்டு விளக்கியிருப்பாள். ஒருவரும் ஒன்றும் கேட்காததால் அந்த விளக்கமெல்லாம் அவளுக்குள்ளேயே தங்கிப் புளித்துப்போய்விட்டது.

ஊசி உள்ளே போகிறது, நூல் சுற்றுகிறது, பழைய கண்ணி கழன்று புதுக் கண்ணி ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பு. மார்கழி வெயில் இளைத்துப்போய் இலைகள் மேல் கிடந்தது. இந்தத் தடவை அகிலாவுக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று சொன்ன அன்றே திலகவதி இன்னொன்றும் சொன்னாள். "அக்கா, இந்தத் தடவ வெறுங்கையோட வா." அவ்வளவுதான். கோபமில்லை, குத்தலில்லை, பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்வது போல. போனை வைத்தபின் மங்கையர்க்கரசிக்குக் காது சுட்டது. இவளுக்கு நான் தலைபின்னிவிட்டிருக்கிறேன், இவள் காலேஜில் சேர நான் அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன், இவள் என்னை வெறுங்கையோடு வரச் சொல்கிறாள். அன்று சாயங்காலமே ஊட்டிக்குப் பஸ் ஏறி இந்தப் பச்சை நூலை வாங்கிவிட்டாள். குன்னூரில் கம்பளி கிடைக்காதா? கிடைக்கும். தெரிந்த கடைக்காரர் யாருக்கு டீச்சர் என்று கேட்பார். அப்போதே, பாருங்கள், யாருக்கு என்ற கேள்விக்குப் பயந்துவிட்டாள். பின்னி முடிப்பேன், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும், பிறந்த பிள்ளையின் மேல் போட்டுவிட்டுச் சொல்வேன், இதைப் பிறக்குமுன்னே பின்னினேன் திலகம், என்ன ஆகிவிட்டது? கறுவிக்கொண்டேதான் முதல் வரிசை போட்டாள். ஆசையோடு ஆரம்பிக்க வேண்டியதை வீம்போடு ஆரம்பித்தாள். அந்த வீம்பு கழுத்துப்பட்டி வரைதான் தாங்கியது. தோள் பிரிக்கிற இடத்தில் ராத்திரி ஒரு தடவை விழித்துக்கொண்டாள், அதற்கப்புறம் சட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகவே முடியவில்லை. யாரோ வந்து அதைப் பார்த்துவிடுவார்கள், அல்லது அது அங்கே தனியாக இருக்கும். தனியாக இருந்தால் என்ன? கம்பளிதானே. என்ன என்று சொல்லத் தெரியவில்லை, அதனால் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனாள்.

இந்தப் பிரயாணம் முழுக்க அதற்காகப் பொய் சொன்னதுதான் மிச்சம். கோயம்புத்தூரில் அண்ணன் வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பின்னும்போது அண்ணி வந்து துணியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "யாருக்கு மங்கை, இத்தனூண்டு?" வாய் கூசாமல், "கரூர் ஜெபமணியோட பேத்திக்கு அண்ணி" என்றாள். கரூரில் ஜெபமணி, பள்ளிக்கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, பின்னல் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், அவளிடம் போய், "எங்கண்ணன் பேரனுக்கு" என்றாள். ஜெபமணி கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "உங்க அண்ணன் பேரன் காலேஜ் போறான்னு போன மாசம்தானே சொன்னீங்க? தோத்திரம், நல்லா வளந்திருக்கான்" என்றுவிட்டு உள்ளே காபி போடப் போய்விட்டாள். போகிறபோது திரும்பி, "அகிலாவுக்குன்னா அகிலாவுக்குன்னு சொல்லுங்களேன் டீச்சர். நாங்க தொட்டில்ல இருந்து பவுடர் வரைக்கும் வாங்கி வச்சுட்டுத்தான் பெத்துக்கறோம். எங்க வீட்ல எல்லாம் உசுரோடதான் இருக்கு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். மங்கையர்க்கரசிக்கு அப்படிப் படவில்லை. அவர்கள் சாமி அவர்களுக்கு, அவர்களுக்கு விதியும் வேறு போல, என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடியதும் வெட்கமாகிவிட்டது. இந்த நினைப்பு எப்போது வந்து குடியேறியது? வாடகை கொடுக்காமல், கதவு தட்டாமல்? விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவள் சாமிக்குச் சாமி விதி பிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் காபி ஆறுவதற்குள் திலகவதியின் போன் வந்தது, ஜெபமணியின் மகன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து கிளம்பிக்கொண்டிருந்த பாசஞ்சரில் தள்ளிவிட்டான்.

மாயனூர் வந்து போனது. போனை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் கோடு ஒன்றுதான் இருந்தது, அதுவும் வருவதும் போவதுமாக. திலகவதிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மாப்பிள்ளை நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளாத தன் மரமண்டையைத் திட்டிக்கொண்டாள். கை மறுபடி ஊசிக்குப் போனது. ஒரு வரிசை. நிறுத்து. முடித்துவிட்டால்? முடிந்துபோன சட்டை ஒரு பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு இருக்கும். தொப்பியும் அப்படித்தான் காத்துக்கொண்டிருந்தது. சரி, முடிக்க வேண்டாம், ஊசியோடு விட்டுவிடலாம். ஒரு கை முழுசு, ஒரு கை குறை. ஐயோ, அப்படி நினைக்காதே. குறைக் கையோடு என்று நினைக்கிற வாயில் மண்ணைப் போட. அவிழ்த்துவிடலாம். ஊசியை உருவிவிட்டு நூலை ஒரு இழு இழுத்தால் மணிக்கட்டு போகும், முழங்கை போகும், தோள் போகும், சரசரவென்று கழுத்துவரை ஓடி, ஒன்றுமே இல்லாமல் மடியில் வெறும் நூல் சுருண்டு கிடக்கும். ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பின்னால் ஒரு துடிப்பு குறைந்துகொண்டிருக்கிற நேரத்தில் உருவி அவிழ்ப்பதா? சட்டையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள், காற்று அதைத் தானாகவே பிரித்துவிடும் என்பது போல. தென்னைகளுக்கு நடுவே காவேரி தெரிந்தது, மணல் பாதி தண்ணீர் பாதியாக. அதில் எறிந்துவிடலாமா? பச்சைச் சட்டை தண்ணீரில் உப்பி, கைகளை விரித்துக்கொண்டு, குப்புற மிதந்து போகும். வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் அது மிதந்தது. முடித்தால் ஒரு பயம், விட்டால் ஒரு பயம், அவிழ்த்தால் ஒரு பயம், எறிந்தால் அதைவிடப் பெரிய பயம். எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு செத்த பிள்ளையைத் தானே கொண்டுபோய்க் கிடத்திவிட்டு வருகிறாள். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது, எழுதிக்கொள்ளுங்கள் பிள்ளைகளா, பரீட்சைக்கு வரும். எழுதிக்கொண்டார்கள். அவளும்தான் கரும்பலகையில் எழுதினாள். எழுதின கை இப்போது அடுத்த வரிசையைப் பின்னிக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா?" என்று எதிர் சீட்டிலிருந்து குரல் வந்தபோது திடுக்கிட்டுப் போனாள். கரூரிலிருந்தே அங்கே ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மங்கையர்க்கரசிதான் பார்க்கவில்லை, அல்லது பார்க்காமல் இருந்தாள். இருபது வயசு இருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு, காலடியில் ஒரு கட்டைப்பை. மடியில் குழந்தை, இடுப்பில் கறுப்புக் கயிறும் கன்னத்தில் மைப்பொட்டுமாக, மேலுக்கு ஒரு மெல்லிய பனியன். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கர்கர் என்றது. "யாருக்கும் இல்லம்மா" என்றாள் மங்கையர்க்கரசி. புதிதாக ஒரு பொய் கைவசம் இல்லாததால் உண்மை மாதிரி ஒன்று வந்துவிட்டது. அந்தப் பெண் சிரித்தாள். "யாருக்கும் இல்லாம இம்மாம் மெனக்கெடுவாங்களா?" என்றவள் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, "சளி மாருல கட்டிக்கிச்சும்மா. கரூர்ல டாக்டர்ட்ட காட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன், பேட்டவாய்த்தல. பனி ஆவாது இவனுக்கு" என்றாள். குழந்தை பச்சை நூலைப் பார்த்துவிட்டது. கையை நீட்டி நூல் நுனியைப் பிடித்து இழுத்தது. "டேய், விடுறா, ஆச்சி திட்டுவாங்க" என்று அவள் விரல்களைப் பிரித்துவிட, குழந்தை மறுபடி பிடித்தது. மங்கையர்க்கரசி குனிந்து பார்த்தாள். நூல் அவ்வளவு நீளத்துக்கு ஏன் தொங்குகிறது? ஊசியில் கண்ணிகளே இல்லை. மணிக்கட்டு வந்து, குறைத்து, முடிச்சுப் போட்டு, எல்லாம் ஆகிவிட்டிருந்தது. எப்போது செய்தாள்? குளித்தலை எப்போது போனது? அவள் வேண்டாம் வேண்டாம் என்று எல்லா வழியும் யோசித்துக்கொண்டிருந்தபோது கை சாவகாசமாகச் சட்டையை முடித்துவிட்டிருந்தது.

முடிந்துவிட்டது. போனைப் பார்த்தாள், ஒரு கோடுகூட இல்லை. இந்த நிமிஷத்தில் அங்கே என்ன? இந்த நிமிஷத்தில்தானே இது முடிந்தது? சட்டை மடியில் கிடந்தது, இரண்டு கையும் முழுசாக, யாராவது வந்து தன்னைப் போட்டுக்கொள்ளட்டும் என்று. இதைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சியில் இறங்க முடியாது. இதோடு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்க முடியாது. குழந்தை இன்னும் நூலை விடவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்ததும் துண்டு நூல் குழந்தையின் முஷ்டியோடு போயிற்று. "இந்தாம்மா, இவனுக்குப் போடு" என்று நீட்டினாள். அந்தப் பெண் நம்பவில்லை. "ஐயய்யோ, வேணாம்மா, உங்க வீட்டுப் பிள்ளைக்கு வச்சிருப்பீங்க." "எங்க வீட்ல பிள்ளை இல்ல" என்றாள் மங்கையர்க்கரசி, சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போடும்மா. ரயில்ல காத்து அடிக்குதுல்ல. புள்ள நெஞ்சு பாரு எப்படிக் கர்ருங்குது." அவசரப்படுத்தினாள். அவளே எழுந்து குழந்தையின் கையைப் பிடித்து முதல் கைக்குள் நுழைத்தாள், பிறகு இரண்டாவது கைக்குள், கழுத்து நாடாவை முடிந்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "மகராசி, நீங்க நல்லாருக்கணும்" என்று அந்தப் பெண் இவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேட்டவாய்த்தலை வந்துவிட்டது. கட்டைப்பையைத் தோளில் மாட்டி, குழந்தையை இடுப்பில் இடுக்கி இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ரயில் நகர்ந்தது. ஒரு பச்சைப் புள்ளி வேப்பமரத்தடியில் இருமிக்கொண்டே சின்னதாகிப் போனது.

அப்பாடா என்றிருந்தது. நிஜமாகவே அப்பாடா என்றிருந்தது, தோளிலிருந்து மூட்டையை இறக்கினாற்போல. சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். காற்று நன்றாக இருந்தது. கரும்பு வயல்கள் நன்றாக இருந்தன. இனி அது தங்கள் வீட்டுப் பிள்ளையுடையது இல்லை, இனி அது வேறு பிள்ளை மேல். வேறு பிள்ளை மேல். நீட்டின காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். என்ன செய்தேன்? ஒரு சட்டையைக் கொடுத்தேன். சளிபிடித்த பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை, புண்ணியம். இல்லை, என்ன செய்தேன்? வெறும் கம்பளிதான் என்றால் உன் அகிலாவுக்கே கொண்டுபோயிருக்கலாமே. கம்பளி மட்டுமில்லை என்று நினைத்தாயே, வீட்டில் தனியாக வைக்க முடியாத, ஆற்றில்கூட எறிய முடியாத ஒன்று என்று நினைத்தாயே, அதை நினைத்துக்கொண்டே எப்படிக் கொடுத்தாய்? உன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகுமா? அவள் பேர் தெரியாது, அவள் மாமியார் வந்து எங்க பக்கம் என்று ஆரம்பிக்க மாட்டாள், அவள் உன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அதனாலா? நான் நம்பவில்லை, நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று உரக்கவே சொன்னாள் போல, பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். நம்பாதவள் ஏன் அவ்வளவு அவசரமாக அந்தச் சின்னக் கையைப் பிடித்து நுழைத்தாள்? அந்தக் கை சுட்டது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது, மணிக்கட்டு அனலாகச் சுட்டது. சுட்டது தெரிந்துதான் இன்னொரு கையையும் நுழைத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. திலகவதி. குரலே வேறு மாதிரி, அழுகையும் சிரிப்புமாக. "அக்கா! பொறந்துட்டாக்கா! பொண்ணு! என்னா சத்தம் தெரியுமா, மாடியே அதிர்ந்துபோச்சு. அகிலாவும் நல்லாருக்கா. அக்கா, கேக்குதா?" கேட்கிறது என்றாள் மங்கையர்க்கரசி. "எப்படி ஆச்சுன்னு சொல்றேன் கேளு. ரொம்ப நேரம் துடிப்பே சரியில்லன்னு பயமுறுத்திட்டே இருந்தாங்க. அப்புறம் என்னமோ சட்டுனு எல்லாம் சரியாயிருச்சாம், இப்பத்தான், ஒரு பத்து நிமிஷம் இருக்கும். டாக்டரம்மாவே ஆச்சரியப்படறாங்க." பத்து நிமிஷம். ஜன்னல் கம்பி சில்லென்றிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். திலகவதி மூச்சு வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்து, சின்ன வயசில் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். "அக்கா, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காத. எனக்குத் தெரியும், நீ சும்மா இருந்திருக்க மாட்டே, எதாவது பின்னித்தான் வச்சிருப்பே. கொண்டா. நான் என் கையாலயே போட்டுவிடறேன். என்ன கலருக்கா?" ரயில் வேகம் குறைந்தது. பெருகமணி என்று மஞ்சள் பலகை வந்து நின்றது. "பச்சை" என்றாள் மங்கையர்க்கரசி. போனை வைக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"அம்மா, திருச்சி இன்னும் வரல, ஏறுங்க" என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். ரயில் போய்விட்டது. போனுக்குள்ளிருந்து அக்கா, அக்கா என்று திலகவதியின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் இன்னும் சின்னதாக ஒரு பிள்ளை வீறிட்டது. நல்ல பலமான அழுகை. தான் பெற்ற பிள்ளையின் அழுகை போலக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய அந்த அழுகையை மங்கையர்க்கரசி காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தோரமாக வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். லெவல் கிராசிங் கேட்டில் நின்ற ரயில்வே ஆள், "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். "பேட்டவாய்த்தலைக்கு." "அது பின்னாடி ஸ்டேஷனாச்சே. இப்ப வண்டி இல்ல. ரோட்டுக்குப் போனா பஸ் வரும். அங்க யார் வீட்டுக்கு?" அங்கே ஒரு பிள்ளையின் மேலிருந்து ஒரு சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றக் காரணம் கேட்பாள் அந்தப் பெண். காரணம் சொன்னால் சட்டையைக் கழற்றலாம், அதற்கப்புறம் அந்தப் பயத்தை அவளிடமிருந்து கழற்ற முடியாது. இவள் கையிலிருந்து அவள் மடிக்கு அது போய்விடும், பிள்ளை ஒவ்வொரு தடவை இருமும்போதும் அவளும் இப்படித்தான் எல்லா வழியும் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "யார் வீட்டுக்கும்மா?" என்று ரயில்வே ஆள் மறுபடி கேட்டார். அந்தப் பெண்ணின் பேரை அவள் கேட்டுக்கொள்ளவே இல்லை.